பட்டியல் போட்ட பெருமகன் – சுகுமார் சென்

(இயந்திரவியல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)



வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு தேர்தலைப் பற்றி எழுத உட்கார்ந்தால், உத்திரமேரூரைச் சொல்லாமல் பேனா நகராது. பாலாற்றுக்குத் தெற்கே இருக்கும் நம்ம பக்கத்து ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறையை அதில் படிக்கலாம். முன்பு பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவன் சொந்தக்காரனும் மறுபடி வரவே கூடாது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இது சாதாரண விஷயமா?

ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். ஏர் பிடித்தவன், தறி நெய்தவன், பெண்கள் என்று ஊரில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அந்த ஓலையில் ஏறவே ஏறாது. குடம் நேர்மையான குடம்தான். பட்டியல்தான் சின்னது.

அந்தப் பட்டியலை நாடு முழுக்க விரித்து, 21 வயது நிரம்பிய அத்தனை ஆணையும் பெண்ணையும் அதில் ஏற்றி, சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலை நடத்திக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சுகுமார் சென். பொது அறிவுப் புத்தகத்தில் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் யார் என்ற கேள்விக்கு ஒரு வரி பதிலாக நாம் மனப்பாடம் செய்த பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கணக்கில் தங்கப் பதக்கம்

வங்காளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிறந்தவர் சென். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். பிறகு லண்டன் பல்கலைக்கழகம். அங்கே கணிதத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். என்ஜினீயரிங் மேத்ஸில் தத்தளிக்கும் நமக்கு இதைக் கேட்டாலே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்! 1922-இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். பல ஜில்லாக்களில் வேலை பார்த்தார், நீதிபதியாகவும் இருந்தார். 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். அங்கிருந்துதான் 1950 மார்ச்சில் டில்லிக்கு அழைத்து, தலைமைத் தேர்தல் கமிஷனர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

கணக்கு தெரிந்தவர், நிர்வாகம் தெரிந்தவர், தீர்ப்பு எழுதிப் பழகியவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது நாட்டின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

நாற்காலிக்கு வேலி

அந்த நாற்காலி எப்படி உருவானது என்பதும் ஒரு கதை. அரசியல் நிர்ணய சபையில் முதலில் வேறு மாதிரி திட்டம் இருந்தது. மத்தியத் தேர்தலுக்கு ஒரு கமிஷன், மாகாணங்களுக்குத் தனித்தனிக் கமிஷன் என்று எழுதியிருந்தார்கள். 1949 ஜூன் மாதம் டாக்டர் அம்பேத்கர் அதை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே கமிஷன் என்று புதிய ஷரத்தைக் கொண்டுவந்தார். காரணம் என்ன தெரியுமா? ஓட்டர் லிஸ்ட்தான்! சில மாகாணங்களில், மொழியாலோ இனத்தாலோ பண்பாட்டாலோ வேறுபட்ட மக்களின் பெயர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார்கள் என்று புகார்கள் வந்திருந்தன. உள்ளூர் அதிகாரத்தின் கையில் பட்டியலை விட்டால், பிடிக்காதவன் பெயர் காணாமல் போகும். ஓட்டுப் போடும் நாளில் தகராறே வேண்டாம். பட்டியல் எழுதும் நாளிலேயே காரியம் முடிந்துவிடும். இதைத் தடுக்கத்தான் 324-ஆவது ஷரத்து.

அப்போதே சில உறுப்பினர்கள் ஒரு சந்தேகம் எழுப்பினார்கள். கமிஷனரை நீக்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது; நியமிப்பது ஆளும் கட்சியின் கையில்தானே இருக்கிறது, அவர்கள் தங்களுக்கு வேண்டிய ஆளைப் போட்டால் என்ன செய்வது என்றார்கள். நியமனத்துக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று ஷிப்பன் லால் சக்சேனா திருத்தம் கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்பதை அம்பேத்கரே ஒப்புக்கொண்டார். இந்தச் சந்தேகத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

அவசரப்படாத அதிகாரி

பிரதமர் நேருவுக்கு அவசரம். 1951 வசந்தத்திலேயே தேர்தல் முடிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். சென் என்ன செய்தார்? கொஞ்சம் பொறுங்கள் என்றார். பட்டியல் முடியவில்லை, சட்டம் முடியவில்லை, தொகுதி எல்லை முடியவில்லை. அடித்தளம் காயாமல் மேலே சுவர் எழுப்பக் கூடாது என்பது நம்ம சிவில் நண்பர்களுக்குத் தெரியாததா? நாட்டிலேயே செல்வாக்கு மிக்க தலைவரிடம், நியமனமான புதிதில் ஒரு அதிகாரி இப்படிச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. நாளைக் குறிப்பது ஆளும் கட்சியின் வசதி பார்த்து நடக்காது, வேலை முடிவதைப் பார்த்துத்தான் நடக்கும் என்ற வழக்கத்துக்கு அங்கேயே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்.

வேலையின் அளவைப் பாருங்கள். வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். 1951 சென்சஸ்படி நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். பட்டியல்களை டைப் அடித்துச் சரிபார்க்க மட்டும் 16,500 குமாஸ்தாக்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, ஜெராக்ஸ் கிடையாது. எல்லாம் டைப்ரைட்டரும் கார்பன் பேப்பரும்தான். அகதிகளாக வந்தவர்கள் எந்த ஊரில் தங்குவார்கள் என்று அவர்களுக்கே தெரியாத காலம் அது. அவர்களையும் விடக் கூடாது என்று, இங்கேயே நிரந்தரமாக இருக்கப்போகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்தே பெயர் சேர்க்கும் ஏற்பாடு, அரசியல் சட்டம் முடிவதற்கு முன்பே, 1948-லேயே தொடங்கியிருந்தது.

படிக்கத் தெரியாதவர் எப்படி ஓட்டுப் போடுவார்? அதற்குத்தான் சின்னம். காங்கிரசுக்கு இரட்டைக் காளை, சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆலமரம், கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள். அப்போது சீட்டில் முத்திரை குத்தும் முறை இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குப் பின்னால் போய், பிடித்த சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இதற்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் தேவைப்பட்டன. பிடித்த எஃகு சுமார் 8,200 டன். பெட்டிக்கு மூன்று, நான்கு கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஷீட் மெட்டல் ஷாப்பில் ஒரு டிரே மடக்கவே ஒரு பீரியட் எடுத்துக்கொள்ளும் நமக்கு அந்த வேலையின் கனம் புரியும்! ஒருவரே இரண்டு முறை வராமல் இருக்க விரலில் அழியாத மையும் வைத்தார்கள்.

1951 அக்டோபர் 25-இல் இமாசலத்து மலைக் கிராமங்களில் முதல் ஓட்டு விழுந்தது. பனி மூடுவதற்கு முன் அங்கே முடித்துவிட வேண்டும் என்பதற்காக அவ்வளவு முன்னாடி. 1952 பிப்ரவரி வரை தேர்தல் நடந்தது. சுமார் இரண்டு லட்சம் வாக்குச் சாவடிகள். அதில் 27,000-க்கு மேல் பெண்களுக்கென்றே தனியாக.

பெயர் சொல்லாத பெண்கள்

இப்போது சென்னின் வாழ்க்கையிலேயே கடினமான முடிவுக்கு வருகிறேன்.

வட இந்தியாவில், முக்கியமாக பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம் போன்ற இடங்களில், கணக்கெடுக்கப் போனவரிடம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அன்னிய ஆணிடம் பெயர் சொல்வது அங்கே வழக்கம் இல்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். சென் பார்த்தார். பெயர் இல்லாத ஆள் எப்படி வாக்காளர் ஆக முடியும்? ஒரு மனைவி இருக்கும் இடத்தில் வேறு யாரோ வந்து நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? திரும்பப் போய்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார். பீகாரில் இதற்காகக் கூடுதல் அவகாசமும் கொடுத்தார்கள். அப்படியும் பெயர் வராத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டார்கள். மொத்தப் பெண் வாக்காளர்கள் சுமார் எட்டுக் கோடி.

28 லட்சம்! பெரிய கூச்சல் எழுந்தது. சென் அசையவில்லை. இந்தக் கூச்சலே நல்லது, அடுத்த தேர்தலுக்குள் இந்த வழக்கம் ஒழிய இதுவே உதவும் என்று கருதினார். அடுத்த தேர்தலில் பெண்கள் பெயர் கொடுத்துப் பதிவதும் கூடத்தான் செய்தது.

இது சரியா, தவறா? எங்கள் ஹாஸ்டல் ரூமில் இதைப் பற்றி ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எங்க ஆயாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவன் அம்மா, மேட்டு வீட்டுக்காரர் சம்சாரம், அவ்வளவுதான். ஆயாவுக்குப் பெயர் இருப்பதே எனக்கு ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் தெரியும். ஆயாவை யாரோ ஒருவருடைய சம்சாரமாக இல்லாமல், சொந்தப் பெயரோடு கூப்பிடும் ஒரே காகிதம் ஓட்டர் லிஸ்ட். அந்த மரியாதையைப் பெண்ணுக்குக் கொடுத்தே தீருவேன் என்று நின்ற சென்னை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 28 லட்சம் பேர் முதல் தேர்தலில் ஓட்டுப் போட முடியாமல் போனதும் உண்மை. பெயர் சொல்லாதது அந்தப் பெண்களின் குற்றமா? வழக்கத்தின் குற்றத்துக்குத் தண்டனை அவர்களுக்கு. பட்டியலைச் சுத்தமாக வைப்பதும், யாரையும் விடாமல் சேர்ப்பதும் இரண்டுமே தர்மம்தான். இரண்டும் மோதும்போதுதான் அதிகாரிக்குச் சோதனை.

நாமக்கல்லில் இருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு

அதிகாரி தப்புச் செய்தால் கோர்ட்டுக்குப் போகலாமே? அந்தக் கேள்விக்கு முதல் பதில் நம்ம தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது. அப்போதைய சேலம் ஜில்லா நாமக்கல் தொகுதியில் சட்டசபைக்கு நிற்க என்.பி. பொன்னுசாமி என்பவர் மனுத் தாக்கல் செய்தார். 1951 நவம்பர் 28-இல் தேர்தல் அதிகாரி அதைத் தள்ளுபடி செய்தார். பொன்னுசாமி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். அங்கே தோற்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி தலைமை நீதிபதியாக இருந்த ஆறு நீதிபதிகள் பெஞ்சு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பசல் அலி. தேதி 1952 ஜனவரி 21. தேர்தல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது!

தீர்ப்பின் சாரம் இதுதான். தேர்தல் என்பது ஓட்டுப் போடும் ஒரு நாள் மட்டும் கிடையாது. அறிவிப்பு தொடங்கி முடிவு வரை உள்ள முழு ஓட்டம். ஓடும் பஸ்ஸை நடுவழியில் நிறுத்த 329-ஆவது ஷரத்து அனுமதிக்காது. குறை இருந்தால் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுப் போடு. தப்பு நிரூபணமானால் அந்தத் தேர்தலே செல்லாது என்று ஆகும். ஊருக்கு ஊர் வழக்குப் போட்டுத் தடை வாங்கியிருந்தால் சென்னின் முதல் தேர்தல் கரை சேர்ந்திருக்குமா? பொன்னுசாமிக்கு நஷ்டம், நாட்டுக்கு லாபம். கோர்ட்டு கையைக் கட்டிக்கொண்டதால் கமிஷனின் பொறுப்பு இரட்டிப்பானது. நடுவில் கேட்பார் இல்லை என்றால், உட்கார்ந்திருப்பவர் யோக்கியராக இருந்தே ஆக வேண்டும்.

சென் யோக்கியராக இருந்தார் என்பதற்கு முடிவுகளே சாட்சி. தேர்தலை நடத்தியபோது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். அதே காங்கிரசுக்குச் சென்னை ராஜ்யத்தில் 375 இடங்களில் 152-தான் கிடைத்தது. பம்பாயில் மொரார்ஜி தேசாய், ராஜஸ்தானில் ஜெய் நாராயண் வியாஸ் போன்ற பெரிய ஆட்களே தோற்றார்கள்.

சூடானும் பர்த்வானும்

இந்தப் புகழ் கடல் தாண்டிப் போனது. 1953-இல் சூடான் நாட்டின் முதல் தேர்தலை நடத்த ஏழு பேர் கொண்ட சர்வதேசக் கமிஷன் போட்டார்கள். மூன்று சூடானியர், ஆளுக்கு ஒருவராக எகிப்து, பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா. எகிப்துக்கும் பிரிட்டனுக்கும் ஒத்துப்போகாது. இருவரும் ஏற்றுக்கொண்ட தலைவர் நம்ம சென். 1954-இல் பத்மபூஷண் கிடைத்தது. 1957 பொதுத் தேர்தலையும் நடத்தினார். பழைய பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி பயன்படுத்தி, முதல் தேர்தலைவிடச் செலவைக் குறைத்தார். 1958 டிசம்பரில் பதவியை விட்டு இறங்கினார். 1960-இல் தொடங்கிய பர்த்வான் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் ஆனார். 1963-இல் காலமானார். சுயசரிதை எழுதவில்லை. அவர் விட்டுப்போன புத்தகம் என்று சொன்னால் அது ஓட்டர் லிஸ்ட்தான்.

அவருக்குப் பிறகு

பட்டியல் சண்டை அவரோடு முடியவில்லை. 1982-இல் மேற்கு வங்காளப் பட்டியல் விஷயத்தில் கல்கத்தா ஐகோர்ட்டு போட்ட இடைக்கால உத்தரவால் தேர்தலே நிற்கும் நிலை வந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கியது. 1985-இல் விரிவாகத் தீர்ப்பும் சொன்னது. பட்டியல் தயாரிப்பதை கோர்ட்டு பார்க்கலாம், ஆனால் வாசலில் நிற்கும் தேர்தலைத் தள்ளிப்போடும்படி உத்தரவு போடக் கூடாது என்பது அதன் பொருள். 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் இன்னொரு பக்கத்தைச் சொன்னது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை வெறும் சந்தேகத்தின் பேரில் நீக்கக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த 28 லட்சம் பெண்களுக்கு நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்த நியாயம் என்றே இதை நான் நினைக்கிறேன்.

2025-இல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று பீகாரில் தொடங்கினார்கள். வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்களையும், நீக்கிய காரணத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு ஆகஸ்டு 14-இல் உத்தரவிட்டது. கோர்ட்டு திருத்தத்தை நிறுத்தவில்லை. விளக்கைப் போடச் சொன்னது. நவம்பர் 4-இல் தமிழ்நாட்டிலும் வீடு வீடாகப் படிவம் வந்தது. டிசம்பர் 19-இல் வந்த வரைவில் 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர் என்று காரணம் சொன்னார்கள்.

அம்பேத்கர் ஒப்புக்கொண்ட அந்தச் சந்தேகமும் திரும்பி வந்தது. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, பாராளுமன்றம் சட்டம் போடும் வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்த குழுவின் ஆலோசனைப்படிதான் கமிஷனரை நியமிக்க வேண்டும் என்றது. டிசம்பரில் சட்டம் வந்தது. அதில் தலைமை நீதிபதியின் இடத்தில் ஒரு மத்திய மந்திரி. அதை எதிர்த்தும் வழக்குகள் போடப்பட்டன. நாற்காலியின் வேலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற வாதம் 1949-இல் ஆரம்பித்தது, ஓய்ந்தபாடில்லை.

நம்ம வேலை என்ன?

என்னோடு படிக்கும் ஒரு நண்பர். அப்பா அம்மா இருவரும் வெளியூரில் கட்டட வேலை. படிவம் கொடுக்க வந்தபோது வீடு பூட்டியிருந்தது. இவர் ஹாஸ்டலில். வரைவில் மூன்று பேர் பெயரும் இல்லை. செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் ஓடி ஓடிப் படிவம் 6 கொடுத்தார். அவர் யாரையும் திட்டவில்லை. நான் பத்தொன்பது வயசு ஆள், உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நண்பர்களே! ஓட்டு வயது 21-இல் இருந்து 18 ஆனது 1989-இல். டிப்ளமோ முடிக்கும் வயசும் ஓட்டு வரும் வயசும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 17 முடிந்தாலே முன்கூட்டி மனுக் கொடுக்கலாம். ஹாஸ்டல் மாணவர் சொந்த ஊரிலோ, ஹாஸ்டல் இருக்கும் ஊரிலோ ஏதாவது ஒரு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் கூடாது. சேர்க்க படிவம் 6, ஆட்சேபிக்க 7, திருத்த 8. அரியர் பேப்பர் எத்தனை என்று தேடுகிற மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவை பட்டியலில் நம்ம பெயரையும், தெருவில் உள்ள ஆயாக்களின் பெயரையும் தேடிப் பாருங்கள்.

கோர்ட்டு இருக்கிறது, கமிஷன் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு பெயர் விட்டுப்போனது முதலில் தெரிவது அந்தப் பெயருக்கு உரியவருக்குத்தான். அவர் கேட்டால்தான் மற்றதெல்லாம் அசையும். அடுத்த முறை உத்திரமேரூர் கோயிலுக்குப் போனால் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அந்தக் குடத்தில் நம்ம பாட்டன் பூட்டன் பெயரைப் போட யாரும் இல்லை. நம்ம பெயரைப் போட சுகுமார் சென் என்ற ஒரு கணக்குக்காரர் வந்தார். போட்ட பெயரைக் காப்பாற்றிக்கொள்வது இனி நம்ம பொறுப்பு.